அடிக்கல் வாசகமும் வடிவமைப்பும்: கல் நாட்டும் முன் முடிவு செய்ய வேண்டியவை

அடிக்கல்லுக்கு இரு வகை வாசகர்கள் உண்டு. விழாவுக்கு வந்தவர்களுக்கு எல்லா விவரமும் அழைப்பிதழிலேயே தெரிந்துவிடும். நூறு ஆண்டு கழித்து அந்தச் சுவரின் முன் நிற்பவருக்கோ கல்லைத் தவிர வேறு சான்று இருக்காது. எனவே வாசகம், எழுத்தளவு, இடம் என எதை முடிவு செய்தாலும் இந்த இரண்டாமவரை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும். பழங்காலத்தவர் இதை நன்கு உணர்ந்திருந்தனர். பாரசீக மன்னர் முதலாம் டேரியஸ், பெர்செபொலிஸ் நகரின் அபாதானா மண்டப மூலைகளில் கற்பெட்டிகளுக்குள் வைத்துப் புதைத்த பொன், வெள்ளித் தகடுகள் 1933இல் எழுத்துக் குலையாமல் வெளிப்பட்டன. மன்னரின் பெயர், ஆட்சிப்பரப்பின் எல்லைகள், ஒரு வேண்டுதல் ஆகியவை தவிர அவற்றில் வேறெதுவும் இல்லை.

முதலில் நாளையும் இடத்தையும் கவனியுங்கள். கட்டட வரைபடம் உறுதியாகும் முன் கல்லை நாட்டுவது வீண் செலவு. நியூயார்க் உலக வர்த்தக மையத்தின் புதிய கோபுரத்துக்காக 2004 ஜூலை 4 அன்று ஏறத்தாழ 20 டன் எடையுள்ள கருங்கல் நாட்டப்பட்டது. பின்னர் வடிவமைப்பு மாறியதால் 2006இல் அது அங்கிருந்து அகற்றப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்துக்கு 1793 செப்டம்பர் 18 அன்று ஜார்ஜ் வாஷிங்டன் நாட்டிய கல்லோ, பிற்காலத்தில் எவ்வளவு தேடியும் உறுதியாக அடையாளம் காணப்படவில்லை. விழா நாளில் கல் தற்காலிக மேடையில் நிற்கலாம், ஆனால் அது நிலையாகப் பதியவிருக்கும் சுவரும் உயரமும் அன்றைக்கே வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். முதன்மை வாயிலை ஒட்டிய வெளிச்சுவரில், பார்ப்பவரின் கண்மட்டத்தில், மழைநீர்க் குழாய்க்கு எட்டாத இடமே பொருத்தமானது. வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழுமானால் இன்னும் நல்லது. குடைந்த எழுத்தைப் படிக்கவைப்பது வண்ணத்தைவிட நிழலே.

வாசகத்தில்தான் பெரும்பாலான கற்கள் கெட்டுப்போகின்றன. கட்டடத்தின் பெயர், பயன், கல் நாட்டிய நாள், நாட்டியவர், கட்டுவிக்கும் அமைப்பு, கட்டடக் கலைஞர், கட்டுநர் என்ற விவரங்களே போதும். மேடையில் அமர்ந்த அனைவரையும் கல்லில் ஏற்ற வேண்டியதில்லை. பெயருக்கு முன்னும் பின்னும் அடைமொழிகள் பெருகப் பெருக எழுத்து சிறுத்துக்கொண்டே போகும், கடைசியில் யாருடைய பெயரையும் படிக்க முடியாது. கட்டடக் கலைஞரின் பெயரை விட்டுவிடுவது பரவலான வழக்கம். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் முதலில் தேடுவது அதைத்தான். தேதியில் மாதத்தை எழுத்தாலும் ஆண்டை நான்கு இலக்கத்திலும் பொறிக்க வேண்டும், ஏனெனில் 4-7 என்பதை ஏப்ரல் என்றும் ஜூலை என்றும் கொள்ள இடமுண்டு. வாசகம் முடிவானதும் அதை உண்மை அளவிலேயே தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, அதை எழுதியதில் பங்கில்லாத இருவரைத் தள்ளி நின்று உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். பெயர்களின் எழுத்துக்கூட்டலை உரியவர்களிடமே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது பளபளப்புக்கு மயங்கக் கூடாது. சலவைக்கல் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. அமிலம் கலந்த மழையில் அது மெல்லக் கரைய, எழுத்தின் விளிம்புகள் மழுங்கிவிடும். வெளிச்சுவருக்குக் கிரானைட்டே உறுதியானது. மேலோட்டமாகச் சுரண்டிப் பொன்வண்ணம் தீட்டிய எழுத்து, வண்ணம் உதிர்ந்ததும் மங்கிப்போகும். இரு சரிவுகள் அடியில் கூடும் ஆப்பு வடிவ வெட்டு, வண்ணமே இல்லாவிட்டாலும் ஒரு பக்கம் ஒளியும் மறுபக்கம் நிழலுமாகத் தெளிவாகத் தெரியும். மூன்று மீட்டர் தொலைவிலிருந்து படிக்க 25 மில்லிமீட்டர் உயர எழுத்து என்பது பொதுவான கணக்கு, ஆனால் தமிழுக்கு இதைச் சற்றுக் கூட்டிக்கொள்வது நல்லது. ‘ண’, ‘ஞ’ போன்றவற்றின் சுழிகளுக்குள் வெட்டப்படாமல் நிற்கும் சின்னஞ்சிறு கல்திட்டு உளியில் எளிதில் பெயர்ந்துவிடும். மணலைப் பீய்ச்சி எழுத்தைக் குடையும் மணல்வீச்சு முறையிலோ, அவ்விடம் வெட்டுப்படாமலிருக்க ஒட்டிய ரப்பர் துண்டு பிய்ந்து சுழியே அடைபட்டுப்போகும். மேலே வரும் புள்ளியும் இகரக் குறியும், கீழே இறங்கும் உகரக் குறியும் மோதாதபடி வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விடுங்கள். மெலிந்த கோடுகளும் தடித்த கோடுகளும் கலந்த அலங்கார எழுத்துருக்களைத் தவிர்த்து, ஒரே தடிமனுள்ள எழுத்துருவைக் கொடுங்கள்.

பொருத்தும் வேலையில் சாதாரண இரும்புக் கம்பியைப் பயன்படுத்தக் கூடாது. ஈரம்பட்டுத் துருப்பிடிக்கும் இரும்பு பருத்து, கல்லை உள்ளிருந்தே பிளந்துவிடும். துருவேறா எஃகு ஆணிகளே ஏற்றவை.

கல்லுக்குப் பின்னால் காலப்பேழை (பிற்காலத்தவர் திறந்து பார்ப்பதற்காகப் பொருள்களை இட்டு மூடும் பெட்டி) வைக்க விரும்பினால், பாஸ்டன் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் அரசு மாளிகையின் பேழையை முன்மாதிரியாகக் கொள்ளலாம். அம்மாநிலத்தின் அன்றைய ஆளுநர் சாமுவேல் ஆடம்ஸ், வெள்ளிக் கொல்லர் பால் ரிவியர் ஆகியோர் 1795இல் வைத்த பொருள்கள் 1855இல் பித்தளைப் பெட்டிக்கு மாற்றப்பட்டன. நீர்க்கசிவைச் சீர்செய்யும் பணியின்போது 2014 டிசம்பரில் வெளியே எடுக்கப்பட்ட அப்பெட்டி, அடுத்த மாதம் திறக்கப்பட்டபோது உள்ளே செய்தித்தாள்களும் நாணயங்களும் நல்ல நிலையில் இருந்தன. அமிலமற்ற தாளில் அச்சிட்ட ஆவணங்கள், படங்கள், நாணயங்கள் ஆகியவற்றை உலர்ந்த துருவேறா எஃகுப் பெட்டியில் இட்டுக் காற்றுப் புகாமல் மூடி, நிலத்தடி ஈரம் எட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். ரப்பர் வளையமும் மலிவான பிளாஸ்டிக் உறையும் சிதைந்து பக்கத்திலுள்ள தாளையும் கெடுக்கும். பென் டிரைவ் வைப்பதில் பயனில்லை. அதைப் படிக்கும் கருவி பேழையைத் திறக்கும் நாளில் இருக்குமா என்பதே ஐயம்.

பேழை இருக்கும் செய்தியைக் கல்லிலேயே ஒரு வரியில் பொறித்து, கல்லின் இடத்தை இறுதிக் கட்டட வரைபடத்திலும் குறித்துவையுங்கள். பராமரிப்போருக்கு எழுதும் குறிப்பில், கல்லை மென்மையான தூரிகையாலும் வெறும் நீராலும் மட்டுமே கழுவ வேண்டும், அமிலமோ கம்பித் தூரிகையோ படக் கூடாது என்பதைச் சேர்த்துவிடுங்கள்.