ஒரே இழை, ஒரே ரெசின், வேறு வேறு குணம்: லேமினேட்டைக் கையால் வளைத்துப் படிப்போம்

வாழைநாரை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், லேசில் அறாது. அதையே குறுக்காக நகத்தால் பிரித்தால் சட்டென்று கிழிந்துவிடும். கண்ணாடி இழையும் எபாக்ஸி ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் பசை) சேர்ந்த ஓர் அடுக்கும் இப்படித்தான். அழுத்தம் கொடுத்து நன்றாகச் செய்த அடுக்கில், இழை ஓடும் திசையில் விறைப்பு சுமார் 40 ஜிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு). குறுக்கே சுமார் 8 தான். கையால் பூசியதில் இரண்டுமே இன்னும் குறையும். இந்த அடுக்குகளைத் திசை மாற்றி மாற்றி ஒட்டி எடுப்பதுதான் லேமினேட். எந்தத் திசை, எந்த வரிசை என்பது பொருளையே மாற்றிவிடும். சூத்திரங்களைத் தொடும் முன் ஒருமுறை கையால் செய்து பார்ப்பது நல்லது என்பது என் உறுதியான எண்ணம்.

படி 1: வெட்டுங்கள்

எல்லா இழையும் ஒரே பக்கம் ஓடும் கண்ணாடி இழைத் துணி வேண்டும், கடையில் யூ.டி. துணி என்று கேளுங்கள். 30 செ.மீ. சதுரமாக எட்டுத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொன்றிலும் இழை ஓடும் திசைக்கு ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள். ரெசின் பட்ட பிறகு திசை தெரியாமல் திண்டாடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. கையுறை, கண் கவசம், முகக்கவசம் மூன்றும் கட்டாயம்.

படி 2: அடுக்குங்கள்

மெழுகு தடவிய கண்ணாடிப் பலகையில் முதல் தட்டை 0/90/90/0 என்று அடுக்குங்கள். எண்கள் இழை ஓடும் கோணத்தைப் பாகையில் சொல்கின்றன. அதாவது முதல் துண்டு நீளவாக்கில், அடுத்த இரண்டு குறுக்கே, கடைசி மறுபடி நீளவாக்கில். இரண்டாவது தட்டு 0/0/90/90. துணியின் எடைக்குச் சமமான எடை ரெசின் போதும். ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரைப் புட்டியில் போட்டிருக்கும் விகிதப்படி தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். காற்றுக் குமிழி போக ரோலரால் அழுத்தி உருட்டி, முழுதாக இறுகும்வரை விட்டுவிடுங்கள்.

படி 3: மூன்று பட்டைகள்

முதல் தட்டிலிருந்து 2.5 செ.மீ. அகலம், 20 செ.மீ. நீளத்தில் மூன்று பட்டைகள் அறுக்க வேண்டும். ஒன்று நீளவாக்கில், ஒன்று குறுக்கே, ஒன்று மூலைவாட்டில். தூசி பறக்காமல் இருக்க நனைத்து அறுங்கள். கண்ணாடித் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஒரே தட்டிலிருந்து வந்தாலும் இவை மூன்றும் வேறு வேறு லேமினேட். நீளவாக்கில் அறுத்தது 0/90/90/0. குறுக்கே அறுத்தது 90/0/0/90. மூலைவாட்டில் அறுத்தது 45/-45/-45/45.

படி 4: வளையுங்கள்

பட்டையின் ஒரு முனையை மேசை ஓரத்தில் இறுக்கி, மறுமுனையில் சின்ன எடையைத் தொங்கவிடுங்கள். முதல் பட்டை கொஞ்சம்தான் தாழும். இரண்டாவது அதே எடைக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு தாழும். இழுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஒரே விறைப்பு, ஏனென்றால் இரண்டிலும் பாதி இழை நீளவாக்கில்தான் இருக்கிறது. பிறகு வளைப்பதில் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? வளையும்போது நடுத்தளத்திலிருந்து தள்ளி இருக்கும் அடுக்குக்குத்தான் வேலை அதிகம். நான்கு அடுக்கில் வெளிப்புறம் உள்ள இரண்டும் சேர்ந்து எட்டில் ஏழு பங்கு, உள்ளே இருக்கும் இரண்டும் எட்டில் ஒரு பங்கு. கணக்குப் போடுங்கள்: முதல் பட்டைக்கு 40 × 7/8 + 8 × 1/8 = 36. இரண்டாவதற்கு 8 × 7/8 + 40 × 1/8 = 12.

இரண்டாவது பட்டையை இன்னும் கொஞ்சம் வளைத்தால் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெளி வளைவில் முடி போன்ற வெள்ளைக் கோடுகள் குறுக்கே ஓடியிருக்கும். 90 அடுக்கில் இழைகளுக்கு இடையே ரெசின் விரிசல் விட்டிருக்கிறது. ஆனால் பட்டை உடையவில்லை, உள்ளே இருக்கும் 0 அடுக்குகள் சுமையைத் தாங்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரேயடியாக இல்லாமல் லேமினேட் அடுக்கடுக்காகத்தான் தோற்கும். முதல் விரிசலுக்கும் கடைசி முறிவுக்கும் நடுவே நிறைய தூரம் உண்டு.

மூன்றாவது பட்டையைக் கையால் முறுக்குங்கள், மற்ற இரண்டையும்விட இதுதான் முரண்டு பிடிக்கும். முறுக்கு விசையை 45 பாகை இழைகள் நேராக வாங்கிக்கொள்கின்றன. முறுக்கைக் கடத்தும் தண்டுகளில் இந்தக் கோண அடுக்குகள் இருப்பது இதனால்தான். எடை தொங்கவிட்டால் இது வளைவதோடு லேசாகத் திருகிக்கொள்ளவும் செய்யும்.

தட்டின் தளத்துக்குள் எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரே விறைப்பு வேண்டுமென்றால் 0, 45, -45, 90 நான்கையும் சம அளவில் வைக்க வேண்டும். ஃபைபர் படகுகளில் போடும் வெட்டு இழைப் பாயில் (சாப்டு ஸ்ட்ராண்ட் மேட்) இழைகள் கலைந்து கிடப்பதால் அந்தக் குணம் தானாக வந்துவிடும், விறைப்புதான் குறைவு.

படி 5: வளைந்துபோன தட்டு

இரண்டாவது தட்டிலிருந்தும் நீளவாக்கில் ஒரு பட்டை எடுங்கள். வெப்பத்தில் இறுகும் எபாக்ஸியாக இருந்தால், எடை எதுவும் வைக்காமலே ஆறும்போது வளைந்துவிடும். 90 அடுக்குகள் இருக்கும் பக்கம் குழிந்திருக்கும். ஆறும்போது அடுக்கு இழை திசையில் கொஞ்சமும், குறுக்கே அதைவிடப் பல மடங்கும் சுருங்குகிறது. மேல் பாதி ஒரு மாதிரி, கீழ்ப் பாதி ஒரு மாதிரி சுருங்கினால் தட்டு எப்படி நேராக நிற்கும்? கனமான பொருளை வைத்து நிமிர்த்திப் பார்க்கலாம். எடுத்ததும் மறுபடி வளையும்.

சரி, அதே அடுக்கின் கண்ணாடிப் பிம்பத்தைக் கீழே சேர்த்து 0/0/90/90/90/90/0/0 என்று எட்டு அடுக்காகச் செய்யுங்கள். மேலும் கீழும் சமமாகச் சுருங்கும், தட்டு நேராக வந்து மேசையில் படியும்.