இலையுதிர் காலத்தில் கிராப்பியை எங்கே தேடுவது

வசந்தத்தில் கரையோரப் புதருக்குள் தக்கை போட்டு வாளி நிறைய கிராப்பி என்ற வட அமெரிக்க நன்னீர் மீனைப் பிடித்திருப்பீர்கள். அதே இடத்தில் அக்டோபரில் போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் ஒன்றும் கடிக்காது. ஏரியில் மீன் தீர்ந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பிவிடாதீர்கள், மீன் இடம் மாறிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எதற்காக மாறுகிறது என்று கேட்டால், சாப்பாட்டுக்காக.

அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் மத்திய மேற்கிலும் உள்ள அணை ஏரிகளில் கிராப்பியின் முக்கிய இரை ஷாட் எனப்படும் சிறுமீன். நம் மத்திக்குத் தூரத்து உறவு. கோடையில் ஏரியின் நடுவே திரியும் இந்தக் கூட்டம், தண்ணீர் 70 டிகிரி ஃபாரன்ஹீட் அளவுக்கு இறங்க ஆரம்பித்ததும், ஏரியில் வந்து சேரும் ஓடைகளுக்குள் நுழையும். கிராப்பியும் பின்னாலேயே வரும். அதனால் நாள்காட்டியை விட வெப்பமானியை நம்புங்கள். செப்டம்பரில் ஓடை வாயில் தொடங்கி, தண்ணீர் குளிரக் குளிர உள்ளே உள்ளே தள்ளிப் போய்ப் பாருங்கள். காற்றில்லாத காலையில் தண்ணீர் மேல் தூறல் விழுவதுபோல் சின்னச் சின்ன வட்டங்கள் தெரிந்தால் அது ஷாட் கூட்டம், படகில் மீனைக் காட்டும் ஒலிக்கருவியான சோனாரில் அதுவே மேகம்போலத் தெரியும். எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: அந்த மேகத்தைப் பார்க்காமல் தூண்டிலைக் கையில் எடுக்க மாட்டேன்.

வட மாநிலமான மின்னசோட்டா பக்கத்து இயற்கை ஏரிகளில் கணக்கு வேறு. அங்கே பச்சையாக நிற்கும் நீர்ச்செடிகள்தான் மீனுக்கு வீடு, அவை பழுத்துச் சாய்ந்ததும் கிராப்பி ஆழமான பள்ளங்களுக்கு இறங்கிவிடும். பச்சை மிச்சமிருக்கும் இடத்தை முதலில் பாருங்கள், இல்லையென்றால் அதற்குப் பக்கத்துப் பள்ளத்தை.

நடுவில் ஒரு கெட்ட காலம் வரும். கோடையில் ஆழமான ஏரியில் மேலே சூடான தண்ணீரும் அடியில் பிராணவாயு குறைந்த குளிர்ந்த தண்ணீரும் தனித்தனி அடுக்காக நிற்கும். மேல் தண்ணீர் குளிர்ந்து கனத்ததும் இரண்டும் கலந்துவிடும். தண்ணீர் கலங்கலாகி, சில சமயம் அழுகிய முட்டை வாடை அடிக்கும். மீன் சிதறிவிடும், கடியும் குறையும். அந்த நாட்களில் ஓடையின் மேல்பகுதிக்குப் போய்விடுங்கள், அங்கே ஆழம் குறைவு என்பதால் இந்த அடுக்கே உருவாகியிருக்காது. கலங்கல் தெளிந்த பிறகு எல்லா ஆழத்திலும் பிராணவாயு இருக்கும், அதனால் மீன் 5 அடியிலும் கிடைக்கலாம், 20 அடியிலும் கிடைக்கலாம்.

இன்னொன்று, நீர்மட்டம். பல அணைகளில் குளிர்கால மழைக்கு இடம் விட்டு இலையுதிர் காலத்தில் தண்ணீரை இறக்குவார்கள். கென்டக்கி ஏரியில் கோடை மட்டம் கடல் மட்டத்திலிருந்து 359 அடி, குளிர்காலத்தில் 354. அந்த 5 அடியில் கரையோர மறைவுகள் பலவும் வெளியே வந்துவிடும். ஓடையின் பழைய வாய்க்கால் வளைந்து கரையை நெருங்கும் இடம், அதன் விளிம்பில் ஒரு மரக்கட்டையோ முள்குவியலோ, பாலத்தூணோ, படகுத்துறைக் காலோ இருந்தால் அங்கே நில்லுங்கள். கிராப்பியில் இரண்டு வகை: கலங்கிய தண்ணீரில் பெரும்பாலும் வெள்ளைக் கிராப்பி, தெளிந்த தண்ணீரிலும் செடிகளிலும் கறுப்பு. சந்தேகம் வந்தால் முதுகு முள்ளை எண்ணுங்கள்: வெள்ளைக்கு 5 அல்லது 6, கறுப்புக்கு 7 அல்லது 8.

சரி, மீன் நிற்கும் இடம் கிடைத்துவிட்டது, இரையை எங்கே வைப்பது? மீனுக்கு ஓர் அடி மேலே. கிராப்பி மேல்நோக்கிப் பார்த்துத் தின்னும், கீழே போகும் இரையை அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. 1/16 அல்லது 1/32 அவுன்ஸ் ஜிக் (கனமான தலை வைத்த தூண்டில் முள்), 4 அல்லது 6 பவுண்டு தாங்கும் நரம்பு, இல்லையென்றால் உயிருள்ள சிறுமீன். பலர் தவறவிடுவது இங்கேதான்: மீன் இரையைக் கவ்வி மேலே எழும்போது இழுப்பே தெரியாது, விறைப்பாக நின்ற நரம்பு சட்டென்று தொய்ந்து தண்ணீரில் படுக்கும். அந்தத் தொய்வுதான் கடி. உடனே கோலை மெல்லத் தூக்குங்கள், வெட்டி இழுத்தால் காகிதம்போன்ற அந்த உதட்டுச் சவ்வு கிழிந்து மீன் போய்விடும். படகில் ஏற்றும்போது வலை வையுங்கள்.

20 நிமிடம் கடிக்காவிட்டால் இடத்தை மாற்றுங்கள். தண்ணீர் 50 டிகிரிக்குக் கீழே போனதும் கூட்டம் திரும்பி ஆழமான வாய்க்காலுக்குப் போகும், அப்போது நீங்களும் ஓடை வாயை நோக்கித் திரும்ப வேண்டும். ஆழத்திலிருந்து இழுத்த மீனின் காற்றுப்பை வீங்கிவிடும், விட்டாலும் பல பிழைக்காது. அதனால்தான் டெக்ஸாஸின் லேக் ஃபோர்க்கில் குளிர்கால மாதங்களில் பிடித்த கிராப்பியை அளவு பார்த்துத் திருப்பி விடக் கூடாது என்று விதியே வைத்தார்கள். மற்ற மாநிலங்களில் எண்ணிக்கையும் அளவும் வேறு வேறு, உரிமம் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஆழத்தில் பிடிக்கிறீர்கள் என்றால் வீட்டுக்குத் தேவையானது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டிவிடுங்கள்.