தனியாக வெளிநாடு கிளம்பும் நெல்லைக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊரில் வழி தெரியாவிட்டால் யாரும் பதறுவதில்லை. வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடையில் கொக்கிரகுளம் எங்கே என்று கேட்டால், சொல்கிறவர் நாலு எட்டு கூடவே வந்து காட்டிவிட்டுத்தான் திரும்புவார். இப்படிக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள், முதல் தடவையாகச் சிங்கப்பூரிலோ துபாயிலோ தனியாகப் போய் இறங்கியதும் வாயை மூடிக்கொள்கிறார்கள். இங்கிலீஷ் தப்பாகிவிடுமோ, யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற கூச்சம். தனியாகப் போகிறவர்கள் அங்கே படும் பாட்டில் பாதிக்கு மேல் இந்தக் கூச்சத்தால் வருவதுதான். மீதியெல்லாம் கிளம்புவதற்கு முன்பு வீட்டிலேயே நடந்துவிடுகிற தவறுகள். அதனால் வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

கிளம்புவதற்கு முன்

முதலில் பெயர். நமக்கு இனிஷியல்தான் வழக்கம், குடும்பப் பெயர் கிடையாது. அதனால் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக, சுடலைமுத்து என்றோ இசக்கியம்மாள் என்றோ ஒரே பெயர் மட்டும் இருக்கும். டிக்கெட் போடும்போது இரண்டு பெயரும் கேட்கும். அவசரத்தில் அப்பா பெயரையோ இனிஷியலையோ சேர்த்துப் போட்டுவிடுவார்கள். விமான நிலைய கவுண்டரில் பாஸ்போர்ட்டும் டிக்கெட்டும் ஒத்துவராது. ஒரே பெயர்தான் என்றால் எப்படிப் போட வேண்டும் என்று அந்த விமான நிறுவனத்திடமே கேட்டுப் போடுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் இதில் இன்னும் கறார். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஏற்பதில்லை என்று அறிவித்தார்கள். பாஸ்போர்ட்டின் அடுத்த பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று பிறகு விளக்கம் வந்தது. பெயரைத் திருத்த வேண்டுமென்றால் திருநெல்வேலியிலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. டிக்கெட் போடுவதற்கு முன்பே போய் முடித்துவிடுங்கள். பாஸ்போர்ட் காலாவதியாக ஆறு மாதத்துக்கு மேல் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தேதி. வாகைக்குளத்தில் இருக்கிற தூத்துக்குடி விமான நிலையத்தில் உள்நாட்டு விமானங்கள்தான். வெளிநாட்டுக்கு ஏற மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ போக வேண்டும். இந்த விமானங்களில் பல நள்ளிரவில் கிளம்புகிறவை. டிக்கெட்டில் 12ஆம் தேதி 00:40 என்று இருந்தால், நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 11ஆம் தேதியே. 12ஆம் தேதி ராத்திரி என்று நினைத்துப் பெட்டி கட்டினால் விமானம் ஒரு நாள் முன்பே போயிருக்கும். ரொம்பச் சாதாரணமாக நடக்கிற தவறு இது, படித்தவர்களுக்கும் நடக்கிறது.

வருகைப் படிவம் என்று ஒன்று உண்டு. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் இப்போது இணையத்தில் நிரப்ப வேண்டும். போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் செய்ய வேண்டும். மூன்றுமே இலவசம். தேடும்போது மேலே வந்து நிற்கிற பக்கங்களில் சில, அரசாங்கப் பக்கம் போலவே வேஷம் போட்டுப் பணம் கேட்கும். எங்கே பணம் கேட்கிறதோ அங்கே நிறுத்திவிடுங்கள்.

விசாவில் செல்லுபடியாகும் காலம் வேறு, தங்க அனுமதிக்கிற நாட்கள் வேறு. இரண்டு வருட விசா இருக்கிறது என்பதற்காக இரண்டு வருடம் தங்க முடியாது. சிங்கப்பூரில் பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பது மின்னஞ்சலில் வரும். அதைத் திறந்தே பார்க்காமல் ஊர் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மின்னஞ்சல் முகவரியைப் படிவத்தில் சரியாகக் கொடுத்திருக்கிறீர்களா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாருங்கள்.

இன்னொருவர் பொட்டலம்

நான் அதிகம் கவலைப்படுவது இதைப் பற்றித்தான். ஒருவர் வெளிநாடு போகிறார் என்று தெரு முழுக்கத் தெரிந்ததும் நடக்கிற பேச்சு இப்படி இருக்கும்:

"சிங்கப்பூருக்கா போறிய அண்ணாச்சி? நம்ம மருமவன் அங்கதான் இருக்காரு. ஒரு சின்னப் பொட்டலம், குடுத்து விடட்டுமா?"

முகத்தை முறித்துச் சொல்ல முடியாமல் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். கொடுக்கிறவர் நல்லவராகவே இருக்கலாம். அந்தப் பொட்டலத்தில் வீட்டில் அரைத்த சால்னா மசாலா இருக்கலாம், அதோடு ஒரு பாக்கெட் கசகசாவும் இருக்கலாம். கசகசா அபினிச் செடியின் விதை. சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் அது தடைப் பட்டியலில் இருக்கிறது. வெற்றிலையும் அப்படித்தான்: ஆத்தூர் வெற்றிலைக்கு இங்கே புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறோம், துபாய் சுங்கத்தில் அதை உள்ளே விடமாட்டார்கள். சிங்கப்பூரில் மெல்லும் புகையிலையும் சூயிங்கமும் கூடாது. டிராமடால், கோடீன் கலந்த வலி மாத்திரை, இருமல் மருந்தெல்லாம் அமீரகத்துக்கு முன் அனுமதியில்லாமல் கொண்டுபோகக் கூடாது. இங்கே டாக்டர் எழுதிக் கொடுத்த சாதாரண மருந்துதானே என்ற பேச்சு அங்கே எடுபடாது.

பிரித்துப் பார்க்காத பொட்டலம் என்றால் விஷயம் இன்னும் தீவிரம். சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. பை யார் கையில் இருக்கிறதோ அவர் தெரிந்துதான் கொண்டுவந்தார் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும்; தெரியாது என்று நிரூபிக்க வேண்டியது அவர் பாடு. அதனால் தயவுதாட்சண்யம் பார்க்காதீர்கள். "ஏர்லைன்ஸ்ல எடை கணக்கு ரொம்பக் கறார் மதினி, முடியாது" என்று சொல்லிவிடுங்கள். மனசு கேட்கவில்லையென்றால் அவர்கள் கண் முன்னாலேயே பிரித்து, ஒவ்வொன்றாகப் பார்த்து, தெரிந்த சாமானை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கோபித்துக்கொள்கிறவர் பொட்டலம் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

அல்வா? தாராளமாகக் கொண்டுபோகலாம், ஆனால் கைப்பையில் வேண்டாம். நெய் வழிகிற பதத்தில் இருப்பதால் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் நிறுத்திவிடக்கூடும். ஊறுகாயும் நெய்யும் அப்படியே பெரிய பெட்டிக்குப் போகட்டும். பவர் பேங்க் நேர்மாறு, கைப்பையில்தான் இருக்க வேண்டும். கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று கணக்கு, அதைக் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குப் போகிறவர்கள் கறி, பால் சேர்ந்த பண்டங்களை வீட்டிலேயே விட்டுவிட வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. இங்கே இளநீர்க் கடையிலும் ஜிபே இருக்கிறது என்ற பழக்கத்தில் கையில் காசில்லாமல் கிளம்பிவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 முதல் நம் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு முதலில் மூடியேதான் வருகிறது. வங்கியின் ஆப்பில் போய் நீங்களே திறக்க வேண்டும். ஓடிபி வருவதற்கு நம் ஊர் சிம் ரோமிங்கில் உயிரோடு இருக்க வேண்டும். அங்கே கார்டு மெஷின் ரூபாயிலா, உள்ளூர்ப் பணத்திலா என்று கேட்டால் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் பழகிய கணக்காகத் தெரியும், ஆனால் மாற்று விகிதத்தில் கூடுதலாகப் பிடுங்கிவிடுவார்கள்.

இறங்கிய முதல் நாள்

விமானம் எத்தனை மணிக்கு இறங்குகிறது என்பதைப் பார்க்கிறவர்கள், அந்த நேரத்தில் ரயில் ஓடுமா என்று பார்ப்பதில்லை. சாங்கி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் நகருக்குள் போகும் ரயில் நள்ளிரவுக்கு முன்பே நின்றுவிடும். கோலாலம்பூரில் விமான நிலையம் நகரத்திலிருந்து 50 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது, கிட்டத்தட்ட இங்கிருந்து தூத்துக்குடி போகிற தூரம். ராத்திரி ஒரு மணிக்கு அந்தத் தூரத்தை எப்படிக் கடப்பது என்பதை ஊரிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தங்குமிடத்தின் பெயர், முகவரி, போன் எண் மூன்றையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். பாங்காக் போன்ற ஊர் என்றால் அந்த முகவரி அவர்கள் எழுத்திலும் இருக்க வேண்டும். விடுதிக்கு மெயில் அனுப்பினால் எழுதித் தருவார்கள். போனில் சார்ஜ் தீர்ந்துபோன நேரத்தில்தான் அந்தத் தாளின் அருமை தெரியும்.

முதல் நாளிலேயே நாலு இடம் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்புவது பெரிய தப்பு. கொடுத்த காசுக்கு ஒரு மணி நேரமும் வீணாகக் கூடாது என்ற எண்ணம் புரிகிறது. ஆனால் தூக்கம் கெட்ட உடம்போடு, திசை தெரியாத ஊரில் தூரமாகப் போனால் எல்லாமே பயமாகத் தெரியும். முதல் நாளைச் சின்னதாக வைத்துக்கொள்ளுங்கள். குளித்துச் சாப்பிட்டுவிட்டு, தங்குமிடத்தைச் சுற்றி நடந்தே ஒரு வட்டம் அடியுங்கள். மருந்துக் கடை எது, தண்ணீர் எங்கே மலிவு, மெட்ரோ ஸ்டேஷனில் உங்கள் தெருவுக்கு ஏறி வருகிற வாசல் எந்த எழுத்து அல்லது எண் என்று பார்த்து வையுங்கள். ஸ்டேஷன் பெயர் மட்டும் போதாது. வாசல் மாறி ஏறினால் அகலமான சாலைக்கு அந்தப் பக்கம் போய் நிற்பீர்கள், அங்கிருந்து பார்த்தால் ஊரே வேறு மாதிரி இருக்கும். ஒரு சின்னக் கடையில் ஏதாவது வாங்கி, கடைக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். மறுநாள் அதே வழியில் போகும்போது அவர் தலையசைப்பார். அப்போதே பாதிப் பயம் போய்விடும்.

வழி கேட்பதற்கு இலக்கணம் வேண்டாம். ஸ்டேஷன் பெயரைச் சொல்லி, கையைக் காட்டி, "ப்ளீஸ்" என்றால் போதும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று, பெயர்ப் பலகையிலேயே நம் எழுத்து இருக்கும். யாரிடம் கேட்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். ஸ்டேஷன் ஊழியர், கல்லாவில் இருப்பவர், குழந்தையோடு நிற்கிற குடும்பம் என்று நீங்கள் தேடிப் போய்க் கேட்கிறவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொல்வார்கள். தானாக வந்து தோளில் கைபோடுகிறவரிடம் ஒதுங்கிக்கொள்ளுங்கள். பாங்காக்கில் அரண்மனை வாசலருகே, "இன்றைக்கு மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்று டுக் டுக்கில் ஏற்றி நகைக் கடைக்குக் கொண்டுபோகிற வித்தை வெகுகாலமாக நடக்கிறது. வாசல் வரை நடந்து போய் உங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

சாலையைக் கடக்கும்போது ஒரு விஷயம். நமக்கு முதலில் வலப்பக்கம் பார்த்தே பழக்கம். துபாயிலும் ஐரோப்பாவின் பெரும்பகுதியிலும் வண்டி வருவது முதலில் இடப்பக்கத்திலிருந்து. இரண்டு பக்கமும் பார்த்து, கோடு போட்ட இடத்தில் மட்டும் கடங்கள். மற்ற இடத்தில் கடந்தால் அபராதமும் உண்டு.

சாப்பாட்டில் இரண்டு விதமான தவறு நடக்கிறது. ஒன்று, போகிற நாளெல்லாம் தோசையையே தேடி அலைவது. இன்னொன்று, கேட்காமல் வாயில் போடுவது. மலேசியாவில் ரொட்டி சானாய் என்பது நம் பரோட்டாவின் உறவுதான், சால்னாவுக்குப் பதில் பருப்புக் குழம்பு வரும். நாசி லெமாக்கில் தேங்காய்ப்பால் சோற்றோடு பொரித்த நெத்திலி இருக்கும், நம் கரைக்காரர்களுக்கு அது பிடித்துப்போகும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் "வெஜிடேரியன்" என்று சொல்லி நிறுத்திவிடக் கூடாது. காய்கறிப் பொரியலிலும் மீன் சாஸ், சிப்பி சாஸ் ஊற்றுவார்கள். அது வேண்டாம், இது வேண்டாம் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். சிங்கப்பூர் உணவங்காடியில் காலி மேஜை மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் அது யாரோ இடம் பிடித்து வைத்தது. அங்கே உட்கார வேண்டாம். சாப்பிட்ட தட்டை நாமேதான் எடுத்துப்போய் வைக்க வேண்டும்.

சிங்கப்பூரில் நம் ஆட்கள் கடைகள் நிறைந்த சிராங்கூன் சாலைக்குப் போனால் மல்லிகைப் பூவும் சாம்பார் வாசமும் நம்மைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் தலைமுறைகளாக அந்த நாட்டில் வேரூன்றியிருக்கிறார்கள், பேச்சைக் கேட்டதும் "எந்த ஊர்?" என்று வாஞ்சையாக விசாரிப்பார்கள். முதல் நாள் ராத்திரிக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் எல்லா நாளும் அங்கேயே கழித்துவிட்டுத் திரும்பினால் அந்த நகரத்தைப் பார்த்ததாகவே ஆகாது. இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன்: சுற்றுலா விசாவில் வந்தவரிடம், "இங்கேயே வேலை இருக்கு தம்பி, விசாவை அப்புறம் மாத்திக்கலாம்" என்று நம் பேச்சிலேயே யார் சொன்னாலும் நம்பாதீர்கள். தாய்லாந்து வேலை என்று சொல்லி அழைத்துப்போய், எல்லை தாண்டி மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்து வைத்த கொடுமைக்குத் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் ஆளாகியிருக்கிறார்கள்.

கடைசியாக, பாஸ்போர்ட் தொலைந்துவிட்டால் செய்யும் தவறு: இரண்டு நாள் தேடிப் பார்க்கலாம் என்று சும்மா இருப்பது. அன்றைக்கே போலீஸில் புகார் எழுதி நகல் வாங்குங்கள். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் மூன்றிலும் போலீஸுக்கு 999. தாய்லாந்தில் சுற்றுலாப் போலீஸுக்கு 1155. அந்த நகலோடு இந்தியத் தூதரகத்துக்குப் போனால் அவசரச் சான்றிதழ் தருவார்கள். பாஸ்போர்ட்டின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், விசா எல்லாவற்றையும் படமெடுத்து வீட்டில் ஒருவர் போனிலும் வைத்திருந்தால் வேலை சீக்கிரம் முடியும். அந்தச் சான்றிதழ் இந்தியாவுக்குத் திரும்புவதற்கு மட்டும்தான் உதவும், அடுத்த நாட்டுக்குப் போக முடியாது. கிளம்புவதற்கு முன் அந்த நாட்டுக் குடிவரவு அலுவலகத்திலும் அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம், அதனால் திரும்பும் டிக்கெட்டை மாற்றுவதற்கு முன்பே தூதரகத்தில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.