கவிதை வாசிப்பு அனுபவம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நிகழ்ச்சிகளிலும், நூலகங்களில் கூடும் வாசகர் வட்டங்களிலும், படித்த கவிதையைப் பற்றிச் சொந்தக் கருத்தைக் கூறுமாறு மாணவர்களையும் பெரியவர்களையும் கேட்பதுண்டு. அப்போது கிடைக்கும் பதில்களில் பல, பாடலின் பொழிப்புரையாகவே அமைந்துவிடுகின்றன. பாடல் என்ன சொல்கிறது என்பதைப் பொழிப்புரை விளக்கும். எந்த அடி வாசகரைத் தடுத்து நிறுத்தியது என்பதை அவரேதான் சொல்ல வேண்டும். ஆகவே, உரையைப் புரட்டுவதற்கு முன் பாடலை இருமுறை வாய்விட்டுப் படித்து, மனம் தயங்கிய இடத்தைக் குறித்துக்கொள்வது நல்லது.

தெரிந்த வரியோடு நின்றுவிடுவதை இவற்றுள் பெரிய தவறாகக் கருதுகிறேன். கணியன் பூங்குன்றனார் பாடிய 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்னும் அடி, பல இனத்தவர் சேர்ந்து வாழும் இந்நாட்டு மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது, அது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் புறநானூற்றின் 192ஆம் பாடலான அதில் 13 அடிகள் உள்ளன. கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றின் நீர்வழியே செல்லும் தெப்பத்தைப் போல உயிர் தன் முறைவழியே செல்கிறது என்று உணர்ந்ததால்தான், பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று புலவர் முடிக்கிறார். அந்த 'அதனினும்' என்ற இடத்தில் சற்று நின்று, அன்றாடம் நாம் யாரை ஏறிட்டும் பாராமல் கடக்கிறோம் என்று எண்ணிப் பார்க்கும் வாசகர், முதல் அடியை மட்டும் மேற்கோள் காட்டுபவரைவிட வெகுதூரம் சென்றுவிட்டார்.

இதற்கு நேர்மாறாக, சொந்த நினைவு பாடலையே விழுங்கிவிடுவதும் உண்டு. குறுந்தொகையின் 40ஆம் பாடலில் வரும் செம்புலப் பெயல்நீரைப் படிக்கையில், கட்டுமானத் தளத்தில் மழைநீர் செம்மண்ணின் நிறமேறி ஓடுவது இங்குள்ள ஒருவருக்கு நினைவு வரலாம். அது பொருத்தமான நினைவுதான். எனினும் அங்கிருந்து தம் திருமணக் கதைக்குப் போய்விடாமல், பாடலுக்குத் திரும்ப வேண்டும். என் தாயும் உன் தாயும் யார், நம் தந்தையர் எம்முறையில் உறவினர், நானும் நீயும் எப்படி அறிந்தோம் என்று மூன்று கேள்விகளை அடுக்கிய பின்னரே, செம்மண் நிலத்தில் பெய்த மழைநீர்போல அன்புடை நெஞ்சங்கள் கலந்தன என்ற அந்த உவமை வருகிறது. உறவே இல்லாத இடத்திலிருந்து தொடங்குவதால்தான் அந்தக் கலப்பு நம்மை அசைக்கிறது.

நகைச்சுவைப் பாடல்களுக்கு இழைக்கப்படும் அநீதி வேறு வகையானது. சிரித்துவிட்டு அடுத்த பாடலுக்குப் போய்விடுகிறார்கள். அல்லது நீதி ஒன்றை வலிந்து ஏற்றுகிறார்கள். காளமேகப் புலவரின் இந்த வெண்பாவைப் பாருங்கள்:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் - குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

பசியோடு வந்தவருக்குச் சத்திரத்தில் உணவு தாமதமானது என்பதே செய்தி. பொழுது சாயும்போது அரிசி, ஊர் உறங்கும்போது உலை, விடிவெள்ளி எழும்போது ஓர் அகப்பைச் சோறு. புலவர் ஒரு வசைச்சொல்லும் கூறவில்லை. நேரத்தை மட்டும் சொல்லிச் செல்கிறார். இரண்டாம் அடியின் இறுதியில் 'குத்தி' என்று தனிச்சொல் நிற்க, அந்த அரிசி உலைக்குப் போவதற்கு அடுத்த அடிவரை நாமும் காத்திருக்கிறோம். இவ்வாறு சிரிப்பு பிறக்கும் இடத்தைக் காட்டுவதே வாசக அனுபவம். இதே பாடலைப் புலவர் பின்னர் புகழ்ச்சியாக மாற்றிப் பொருள் சொன்னார் என்ற கதை சுவையானதே என்றாலும், கதையை மட்டும் சொல்லி அமர்ந்துவிட்டால் வெண்பா பேசப்படாமலே போய்விடும்.

'அருமை', 'மிகச் சிறப்பு' போன்ற சொற்களைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. அவற்றை எழுதிய உடனே, எந்தச் சொல்லால், எந்த அடியால் என்று கேட்டு விடையையும் சேர்த்து எழுதினால் போதும். மேடையில் பேசுபவர்கள், நேரம் குறைவாக இருந்தாலும், கருத்தைத் தொடங்குமுன் பாடல் முழுவதையும் நிதானமாக ஒருமுறை படித்துக் காட்ட வேண்டும். கேட்பவர்களில் பலர் அதை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்பார்கள்.