பொத்தான் எந்தப் பக்கம்? பாலினத்தைப் புரிந்துகொள்ள ஒரு தையல்காரி சொல்லும் வழி

வீட்டு அலமாரியைத் திறந்து ஓர் ஆண் சட்டையையும் ஒரு பெண் சட்டையையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள். ஆண் சட்டையில் பொத்தான், போட்டுக்கொள்பவரின் வலப்பக்கம் இருக்கும். பெண் சட்டையில் இடப்பக்கம். ஏன் என்று கேட்டால் வாள் உருவுவது, பணிப்பெண் மாட்டிவிடுவது, பிள்ளைக்குப் பால் கொடுப்பது என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். எது உண்மை என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஆடைத் தொழிற்சாலையில் நான் மெஷின் ஓட்டிய காலத்தில், பக்கம் மாறிப் பொத்தான் வைத்தால் அந்தக் கட்டு முழுவதும் பிரித்துத் தைக்கத் திரும்பி வந்துவிடும். உடம்புக்கும் அந்தப் பொத்தானுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மனுஷர்கள் போட்ட விதி, எல்லாரும் கேட்டு நடக்கிறோம். பாலினம் என்பது சமூகம் உண்டாக்கிய கருத்து என்று யாராவது சொல்லித் தலை சுற்றினால், இந்தப் பொத்தானிலிருந்து ஆரம்பியுங்கள்.

இப்போது டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்தில் வீட்டிலேயே தைக்கிறேன். தைப்பூசத்துக்குக் காவடிக்காரர்களின் மஞ்சள் துணி, கல்யாண ரவிக்கை, பரதநாட்டிய உடுப்பு என்று வருஷம் ஓடிவிடுகிறது. இதை என் வயதுக்காரர்களுக்காக எழுதுகிறேன். பேரப்பிள்ளை ஒருநாள் சாப்பிடும்போது, "தாத்தா, என்னைப் பையன்னு சொல்லாதீங்க" என்றால் திட்டுவதா, டாக்டரிடம் கூட்டிப்போவதா, மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வதா என்று விழிப்போமே, அந்த நேரத்துக்காக.

நாலையும் தனித்தனியே வையுங்கள்

நம் ஆட்கள் நாலு விஷயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். உடம்பு ஒன்று, அதைப் பால் என்பார்கள். தான் ஆணா, பெண்ணா, இரண்டிலும் சேராதவரா என்று ஒருவர் தனக்குள் அறிந்திருப்பது இன்னொன்று. அதுதான் பாலின அடையாளம். உடை, முடி, நடை, குரல் என்று வெளியே காட்டுவது பாலின வெளிப்பாடு. யார்மேல் ஆசை வருகிறது என்பது நாலாவது, அது பாலீர்ப்பு. இதில் ஒன்றை வைத்து இன்னொன்றைக் கணக்குப் போடாதீர்கள்.

எங்கள் பக்கம் சிக்ஸ்-ஃபுட் டான்ஸ் என்று ஒரு கூத்து உண்டு. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த தெருக்கூத்துதான் அது. பெண் வேஷம் கட்டுவதும் ஆண்கள்தான். அப்படி ஒருவருக்கு ரவிக்கை தைத்திருக்கிறேன். மார்பில் பஞ்சு வைக்க உள்ளே பை, கை தூக்கி ஆடினால் கிழியாதபடி அக்குளில் ஒட்டு, வேஷம் கலைக்கும்போது சட்டென்று பிரிய ஹூக்குக்குப் பதில் வெல்க்ரோ. மீசையை எடுத்துவிட்டு ஆடுவார். மறுநாளே வளர்க்க ஆரம்பித்துவிடுவார். அவர் ஆண். அதில் அவருக்கும் சந்தேகம் இல்லை, அவர் சம்சாரத்துக்கும் இல்லை. ஒரு ராத்திரிக்கு வெளிப்பாடு மட்டும் மாறியது.

அப்புறம் ஒருநாள் ஒரு பிள்ளை தன் பெரியம்மாவோடு வந்தாள். இருபது வயது இருக்கும். தொளதொள டி-ஷர்ட், சவரம் செய்த கன்னம். தங்கை கல்யாணத்துக்குச் சேலை கட்டப்போகிறாள் என்று பெரியம்மாதான் சொன்னார். அவளுக்குப் பஞ்சுப் பையும் வேண்டாம், வெல்க்ரோவும் வேண்டாம். "ஆன்ட்டி, தோள் அகலமாத் தெரியாம தைக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டாள். முடியும். கழுத்தைக் கூராக இறக்கி, தோள் தையலை அரை அங்குலம் உள்ளே வாங்கி, கையை முழங்கை வரை விட்டால் போதும். ஆர்டர் புத்தகத்தை எடுத்து, "எந்தப் பேர் எழுதட்டும்மா?" என்றேன். பெரியம்மா வாயெடுப்பதற்குள் அவள் ஒரு பெயர் சொன்னாள். அதையே எழுதினேன். அளவு எடுத்து முடித்துத் திரும்பவும் அந்த டி-ஷர்ட்டோடுதான் வீட்டுக்குப் போனாள். அந்த டி-ஷர்ட்டுக்குள்ளும் அவள் பெண்தான். கூத்துக்காரருக்கும் இவளுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டுவிட்டால், அடையாளம் எது வெளிப்பாடு எது என்பதில் பாதி முடிந்தது.

பாலீர்ப்பு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திருநங்கை ஒருவர் ஆணையும் விரும்பலாம், பெண்ணையும் விரும்பலாம், யாரையும் விரும்பாமலும் இருக்கலாம். மற்ற எல்லாரையும் போலத்தான்.

உடம்பாவது தெளிவாக இருக்கிறதா என்றால், அதுவும் எப்போதும் இல்லை. ஓட்டப்பந்தய வீராங்கனை காஸ்டர் செமன்யாவை இந்த நாட்டில் தெரியாதவர் இல்லை. 2009இல் பெர்லினில் 800 மீட்டரில் தங்கம் வாங்கியபோது அவருக்கு 18 வயது. பிறந்ததிலிருந்து பெண்ணாக வளர்ந்தவர், தன்னைப் பெண் என்றே சொல்பவர். ஆனால் இயற்கையாகவே அவர் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோன் அதிகம். அவரைப் போன்றவர்கள் மருந்து சாப்பிட்டு அதைக் குறைக்காவிட்டால் அந்த ஓட்டத்தில் ஓடக் கூடாது என்று உலகத் தடகளச் சங்கம் விதி போட்டது. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2025 ஜூலையில், ஸ்விட்சர்லாந்து நீதிமன்றம் அவருக்கு நியாயமான விசாரணை தரவில்லை என்று தீர்ப்பு வந்தது. அவர் திருநங்கை இல்லை. டீக்கடைப் பேச்சில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

கட்டம் யார் போட்டது என்று கேளுங்கள்

தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு இந்தப் பாடம் கஷ்டமாக இருக்கவே கூடாது. 1950இல் வந்த மக்கள் பதிவுச் சட்டம் நம் ஒவ்வொருவரையும் ஓர் இனக் கட்டத்தில் அடைத்தது. சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் சொருகி, நிற்கிறதா விழுகிறதா என்று பார்த்த நாடு இது. மேல்முறையீடு செய்து கட்டம் மாறியவர்களும் உண்டு. காலையில் கலர்டு (கலப்பினத்தவர்), சாயங்காலம் வெள்ளையர். தோல் நிறம் நிஜம்தான். ஆனால் அந்த நிறத்தை வைத்து இன்ன பேட்டையில் குடியிரு, இன்ன பெஞ்சில் உட்கார் என்றது மனுஷர்கள் எழுதியது. எழுதியது என்பதால் அது பொய்யாகிவிடவில்லை, வீட்டை இடித்து எங்களை சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பும் அளவுக்கு நிஜமாக இருந்தது. இனமும் பாலினமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. சமூகக் கருத்து என்றால் வெறும் கற்பனை என்று சிலர் கைவிட்டுவிடுகிறார்கள், அதற்காகத்தான் இந்த உதாரணம்.

இன்னும் பின்னால் போங்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு மதராஸிலிருந்து டர்பனுக்கு வந்தது. ஒப்பந்தப்படி ஆணுக்கு மாதம் பத்து ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. அரிசியிலும் பாதிதான். ஒரே வெயில், ஒரே கரும்பு. பெண்ணின் வயிறு பாதிதான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, கணக்குப் புத்தகத்தில் அப்படி எழுதியிருந்தார்கள்.

வீட்டில் உட்கார்ந்தபடி செய்துபார்க்க ஒரு வேலை. நேற்று முழுவதும் ஆண் என்பதற்காக அல்லது பெண் என்பதற்காக நீங்கள் செய்ததை, செய்யாமல் விட்டதை ஒரு தாளில் எழுதுங்கள். பூசணிக்காய் உடைக்க மகனைக் கூப்பிட்டது, விருந்தில் கடைசியாகச் சாப்பிட்டது, அழுகை வந்தும் அடக்கியது, கார் ஓட்டும் இடத்தில் தானாகப் போய் உட்கார்ந்தது. எழுதியபின், உடம்பு காரணமாகவே நடந்தது எது என்று மட்டும் கோடு போடுங்கள். என் தாளில் ஒன்றும் மிஞ்சவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்கு வேறு மாதிரி வரலாம். என் தாத்தாவின் பழைய போட்டோவில் அவர் காதில் கடுக்கன், தலையில் குடுமி. அன்றைக்கு அதுதான் ஆம்பிளை. அதே காதணியோடு பேரன் பள்ளிக்கூடம் போனால் கூப்பிட்டு அனுப்புகிறார்கள்.

வாயைத் திறக்கும்போது

ஸுலு பேசும்போது அவன், அவள் என்ற பிரிவே வராது. என்னோடு வேலை செய்யும் ஸுலுப் பெண்ணுக்கு இதில் சிரமமே இல்லை. நமக்கோ வினைச்சொல்லிலும் ஒட்டிக்கொள்கிறது. தெரியாத இடத்தில் "அவர் வந்தார்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டால் தப்பித்தோம். முறைப்பெயரில்தான் மாட்டிக்கொள்வோம். அண்ணா, அக்கா, மாமா, மாமி இல்லாமல் நம் வீட்டில் ஒரு வாக்கியம் ஓடுமா? அதற்கு என்ன செய்வது என்றால், நேராகக் கேட்பதுதான்: "உன்னை எப்படிக் கூப்பிடட்டும்?" தனியாக இருக்கும்போது கேளுங்கள், விருந்தாளிகள் முன்னால் வேண்டாம். வெளியே யாருக்குச் சொல்லலாம், யாருக்குச் சொல்லக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லாத இடத்தில் நீங்கள் போட்டுடைத்தால் வேலை போகலாம், அடியும் விழலாம். வாய் தவறிப் பழைய பெயர் வந்தால் திருத்திக்கொண்டு பேச்சைத் தொடருங்கள். பத்து நிமிஷம் மன்னிப்புக் கேட்டால், கடைசியில் அந்தப் பிள்ளைதான் உங்களைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கும்.

ஆபரேஷன் செய்தாயா என்று கேட்காதீர்கள். உங்களிடம் யாராவது இடுப்புக்குக் கீழே விசாரித்தால் எப்படி இருக்கும்? "இது வியாதியா?" என்று அக்கம்பக்கம் கேட்டால், உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்று 2022இல் நடைமுறைக்குக் கொண்டுவந்த பட்டியலில் இது மனநோய்ப் பிரிவில் இல்லை என்று சொல்லுங்கள்.

சடங்குதான் நிஜமான சிக்கல். கொள்ளி வைப்பது யார், ஆரத்தி எடுப்பது யார், நலங்கு வைக்க எந்தப் பக்கம் நிற்பது என்று வரும்போது சம்மதித்த குடும்பமும் முறுக்கிக்கொள்ளும். கல்யாணம் நடக்கும் நாளில் மணவறையில் நின்று இதைத் தீர்க்க முடியாது. ஒரு மாதம் முன்னாலேயே பூசாரியிடம் போய்ப் பேசுங்கள். அர்த்தநாரீஸ்வரரைக் கும்பிடுகிறோம், விராட தேசத்தில் பெண்கோலத்தில் ஆட்டம் சொல்லிக்கொடுத்த அர்ச்சுனன் கதையை விடிய விடியக் கேட்கிறோம் என்று எடுத்துச் சொன்னால் சில பூசாரிகள் இறங்கிவருவார்கள். சிலர் மாட்டார்கள். அவர்களிடம் வாதாடி நேரத்தை வீணாக்காமல் வேறு பூசாரியைப் பாருங்கள், டர்பனில் பஞ்சமில்லை.

காகிதம்

உங்கள் அடையாள அட்டையில் 13 இலக்க எண் இருக்கிறது. முதல் ஆறு, பிறந்த தேதி. அடுத்த நாலு இலக்கம் 5000க்குக் கீழே இருந்தால் பெண், 5000இலிருந்து மேலே ஆண். நிறவெறி ஆட்சியில் அதே எண்ணில் இனத்துக்கும் இலக்கம் வைத்திருந்தார்கள், எண்பதுகளில் எடுத்துவிட்டார்கள். பாலுக்கான இலக்கம் இன்னும் இருக்கிறது. அதனால் திருநங்கையோ திருநம்பியோ உடை மாற்றினாலும், வங்கியில் எண்ணைத் தட்டியதும் பழைய கதை திரையில் வந்துவிடும்.

மாற்ற வழி உண்டு. 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆம் பிரிவு, பால், பாலினம் இரண்டையும் தனித்தனியே எழுதி, எதை வைத்தும் பாகுபாடு கூடாது என்கிறது. 2003ஆம் ஆண்டின் 49ஆம் எண் சட்டப்படி ஹோம் அஃபேர்ஸில் (உள்துறை அலுவலகத்தில்) பால் குறிப்பை மாற்ற விண்ணப்பிக்கலாம். ஆபரேஷன் கட்டாயம் இல்லை. மருத்துவ சிகிச்சை என்றாலே போதும், ஹார்மோனும் அதில் அடங்கும். சிகிச்சை தந்த டாக்டரின் அறிக்கை ஒன்று, வேறொரு டாக்டர் பரிசோதித்துத் தரும் அறிக்கை ஒன்று வேண்டும். ஊடுபால் உடலோடு, அதாவது ஆண் பெண் என்று தெளிவாகப் பிரிக்க முடியாத உடலோடு, பிறந்தவர்களுக்கு வேறு நிபந்தனை: மருத்துவ அறிக்கையோடு, அந்தப் பாலினத்தில் குறைந்தது இரண்டு வருஷம் தொடர்ந்து வாழ்ந்ததாக உளவியலாளரோ சமூகப் பணியாளரோ எழுதித்தர வேண்டும். கவுன்டரில் இருப்பவர் "ஆபரேஷன் சர்டிஃபிகேட் எங்கே?" என்று கேட்டால் பயப்படாதீர்கள். சட்டத்தின் நகலைக் கையில் வைத்திருந்து காட்டுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 14 நாளுக்குள் அமைச்சருக்கு மேல்முறையீடு, அங்கேயும் ஆகாவிட்டால் மாஜிஸ்திரேட். உடையும் முடியும்கூட உரிமைதான் என்பதற்கு 2019 செப்டம்பரில் கேப் டவுனில் சமத்துவ நீதிமன்றம் தந்த தீர்ப்பு இருக்கிறது: ஆண்கள் சிறையில் இருந்த ஒரு திருநங்கையைப் பெண்ணுடை போட விடவேண்டும், பெண்ணாகவே அழைக்கவேண்டும் என்றது.

பெயர் மாற்றத்துக்குத் தனி விண்ணப்பம். இரண்டையும் ஒரே நடையில் கொடுத்துவிடுங்கள். புது எண் வந்ததும் வங்கி, வரி அலுவலகம், ஓட்டுநர் உரிமம், மருத்துவக் காப்பீடு எல்லாவற்றுக்கும் ஒவ்வொன்றாக அலையவேண்டியிருக்கும். மெட்ரிக் சான்றிதழை முக்கால்வாசிப் பேர் மறந்துவிடுவார்கள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதுதான் ஞாபகம் வரும். அதை முதலிலேயே மாற்றிவிடுங்கள்.