கடற்சேற்றில் கரிமம் அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தூத்துக்குடி விரிகுடாவின் அடிச்சேற்றில் மனிதக் கை எவ்வளவு பட்டிருக்கிறது என்று, கரிமத்தை (உயிர்களிலிருந்தும் கழிவிலிருந்தும் வரும் கார்பன் பொருள்) அளந்து பார்க்க வரும் புதியவர்கள் வழக்கமாக ஒரே இடங்களில்தான் இடறுகிறார்கள். பையில் பெயர் எழுத மறப்பது போன்றவற்றை அவர்களே சீக்கிரம் திருத்திக்கொள்வார்கள். அச்சேறிய பிறகும் வெளியே தெரியாதவை வேறு.

கிராப் (கடலடிச் சேற்றை அள்ளும் கவ்வி) நிரம்பி வழிவது

அண்மைக் காலக் கழிவு மேல் 2 செ.மீ.யில்தான் இருக்கும். மூடி வழியே சேறு பிதுங்கி வந்தால் அந்த அடுக்கு போய்விட்டது. கொட்டிவிட்டு மறுபடி இறக்குங்கள்.

சுண்ணாம்பை நீக்காமல் கார்பன் அளப்பது

இதைத்தான் பொறுக்க முடிவதில்லை. மன்னார் வளைகுடாச் சேற்றில் சிப்பித்தூளும் பவளத்தூளும் கலந்திருக்கும். கால்சியம் கார்பனேட்டின் எடையில் 12% கார்பன். சேற்றில் அது 30% இருந்தால், கழிவுக்குத் தொடர்பே இல்லாத 3.6% கார்பன் கருவியில் ஏறும். உண்மையான கரிமக் கார்பன் 1% என்றால் அறிக்கையில் 4.6% நிற்கும்.

அந்த எண் பெரிது என்பதால் யாராவது கேள்வி கேட்பார்கள். அரைகுறையாக நீக்குவதுதான் ஆபத்து. நிலத்துச் செடிகொடிகளிலிருந்து வரும் கரிமத்தின் டெல்டா கார்பன்-13 மதிப்பு (கார்பனின் இரு ஐசோடோப்புகளின் விகிதம்; கரிமம் எங்கிருந்து வந்தது என்று காட்டும்) ஆயிரத்துக்குச் சுமார் −26; கடல் நுண்பாசிக்கு −20 முதல் −22; சிப்பிச் சுண்ணாம்புக்கு 0-ஐ ஒட்டி. 1% கரிமக் கார்பனோடு வெறும் 0.2% சுண்ணாம்புக் கார்பன் மிஞ்சினாலே −26 என்பது −21.7 ஆகிவிடும். நிலத்திலிருந்து வந்தது கடல்பாசியின் கணக்கில் சேரும். ‘மனிதப் பாதிப்பு இல்லை’ என்று கட்டுரை முடியும். பிறகு அந்த வரியைத்தான் கரையோர மக்களுக்கு எதிராக எடுத்துக்காட்டுவார்கள்.

உலர்த்தி அரைத்த சேற்றில் சுமார் 30 மி.கி.யை வெள்ளிக் கேப்சூலில் நிறுத்து, 50 மைக்ரோலிட்டர் நீர் விடுங்கள். உலர்ந்த தூளில் அமில ஆவி சரியாக வேலை செய்யாது. டெசிகேட்டர் என்ற மூடிய கண்ணாடிக் கலத்துக்குள் 12 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பீக்கரில் வைத்து, 6 மணி நேரம் ஆவி பிடிக்க விட்டு, 60 டிகிரியில் உலர்த்துங்கள். வெள்ளீயக் கேப்சூலை அமிலம் அரித்துவிடும். சிப்பி மிகுந்த சாம்பிளுக்கு 6 மணி போதாமல் போகலாம்: ஒன்றை இரட்டிப்பு நேரம் வைத்து, ஐசோடோப் மதிப்பு நகர்கிறதா என்று பாருங்கள்.

அமிலத்தை நேரே ஊற்றிக் கழுவினால் கரையக்கூடிய கரிமமும் போகும், எடையும் குறையும். 30% சுண்ணாம்பு போன மிச்சத்தில் 1.43% என்றால் அசல் சேற்றில் 1%தான்.

உப்பு

100 கிராம் ஈரச்சேற்றில் 60 கிராம் கடல்நீர் இருந்தால், உலர்ந்த பின் 2 கிராம் உப்பு மிஞ்சி எடையைக் கூட்டும். வாக்லி–பிளாக் முறையில் (கரிமம் எவ்வளவு டைகுரோமேட்டைச் செலவழிக்கிறது என்று பார்த்து அளப்பது) உப்பின் குளோரைடும் டைகுரோமேட்டைத் தின்னும். உப்பை நீரால் கழுவுங்கள், அல்லது சில்வர் சல்பேட் சேருங்கள்.

மணலோடு சேற்றை ஒப்பிடுவது

கரிமம் பெரும்பாலும் 63 மைக்ரானுக்குக் குறைந்த துகள்களோடுதான் சேர்ந்திருக்கும். சாக்கடை வாயில் மணலும் தள்ளிப்போய்ச் சேறும் இருந்தால், தள்ளியிருக்கும் இடமே மாசுபட்டதாகத் தெரியும். துகளளவையும் (நுண்துகள் எவ்வளவு என்று காட்டும்) அலுமினியத்தையும் கூடவே அளந்து, அவற்றைக் கொண்டு சரிசெய்த பிறகே ஒப்பிடுங்கள்.

அனல்மின் சாம்பல்

அதில் எரியாத கரி உண்டு. எரித்து அளக்கும் கருவி அதையும் எண்ணும். வாக்லி–பிளாக் பெரும்பகுதியை விட்டுவிடும். இரண்டு முறைகளின் எண்களையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.

பிளாஸ்டிக் பை

எண்ணெய்க் கழிவு தேடினால் வேண்டாம். 450 டிகிரியில் சுட்ட அலுமினியத் தாள்.

கார்பன்–நைட்ரஜன் விகிதம்

கரிமத்தின் மூலத்தை அறிய இதையும் பார்ப்பார்கள். அணு விகிதமா, எடை விகிதமா என்று எழுதுங்கள். அணுவில் 6.6 என்பது எடையில் 5.7.