பயிற்சியாளரை மாற்றலாமா, வேண்டாமா: கால்பந்து ரசிகர்கள் விவாதித்து முடிவுக்கு வரும் முறை

ஒரு கிளப் தொடர்ந்து தோற்கத் தொடங்கியதும் அதன் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்துவிடுகிறார்கள். பயிற்சியாளரை உடனே அனுப்பிவிட வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. அவருக்கு இன்னும் அவகாசம் தர வேண்டும் என்கிறது மற்றொரு தரப்பு. இந்த விவாதம் பெரும்பாலும் ஒரு முடிவுக்கும் வராததற்குக் காரணம், ஒவ்வொருவரும் வெவ்வேறு கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதுதான். ஒருவர் நேற்றைய தோல்வியைப் பற்றிப் பேசுகிறார். இன்னொருவர் மூன்று ஆண்டுகளுக்கு முன் வென்ற கோப்பையைப் பற்றிப் பேசுகிறார். வேறொருவர் நிர்வாகம் வாங்கித் தராத முன்கள வீரரைப் பற்றிப் பேசுகிறார். ஆகவே கேள்விகளை முதலில் பிரித்து வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள்: அணி இருக்க வேண்டிய இடத்தைவிடக் கீழே இருக்கிறதா, அப்படியானால் அதற்குப் பயிற்சியாளர்தான் காரணமா, அவரைவிடப் பொருத்தமானவர் கிடைப்பாரா, மாற்றுவதற்கு இது ஏற்ற நேரமா. முதல் கேள்விக்கே 'இல்லை' என்று பதில் வந்துவிட்டால் மற்றவற்றுக்குப் போக வேண்டியதில்லை. தோற்ற இரவிலேயே இந்தப் பேச்சைத் தொடங்காமல் இரண்டு நாள் ஆறவிடுவதும் அவசியம்.

இருக்க வேண்டிய இடம் எது?

ரசிகர்களின் மனத்தில் கிளப்பின் இடத்தை அதன் பொற்காலம்தான் தீர்மானிக்கிறது. ஆனால் இன்றைய அணியை அளக்க அது உதவாது. வீரர்களின் சம்பளத்துக்கு ஒரு கிளப் செலவிடும் தொகைக்கும் புள்ளிப் பட்டியலில் அது பெறும் இடத்துக்கும் நெருங்கிய தொடர்பு இருப்பது பல லீக்குகளில், பல ஆண்டுகளாகக் காணப்பட்டுவரும் உண்மை. 20 கிளப்புகள் உள்ள லீக்கில் சம்பளச் செலவில் 14ஆவதாக இருக்கும் கிளப் 15ஆம் இடத்தில் இருந்தால் அது வருத்தத்துக்குரியதுதான், ஆனால் பயிற்சியாளரின் தோல்வி அல்ல. செலவில் ஆறாவதாக இருக்கும் கிளப் அதே 15ஆம் இடத்தில் இருந்தால் கேள்வி எழுப்பியே ஆக வேண்டும். இதுவரை ஆடிய எதிரணிகளின் பட்டியலையும், காயத்தால் ஆட முடியாமல்போன முக்கிய வீரர்களின் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் எட்டு ஆட்டங்களில் ஐந்தைப் பட்டியலின் உச்சியில் இருக்கும் அணிகளோடு ஆடிய கிளப்பின் புள்ளிகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

முடிவுகளையும் ஆட்டத்தையும் பிரித்துப் பாருங்கள்

இந்த வேலையைத்தான் ரசிகர்கள் அதிகம் தவிர்க்கிறார்கள். விவாதத்தின் உயிரும் இதில்தான் இருக்கிறது. கால்பந்தில் கோல்கள் குறைவு. எனவே நன்றாக ஆடும் அணி சில வாரங்கள் தோற்பதும், மோசமாக ஆடும் அணி சில வாரங்கள் வெல்வதும் இயல்பு. இந்த ஏற்ற இறக்கத்தைக் கழித்துப் பார்க்க இன்று எல்லோருக்கும் கிடைக்கும் கருவி எக்ஸ்ஜி எனப்படும் எதிர்பார்க்கப்பட்ட கோல் கணக்கு. ஒவ்வொரு ஷாட்டும் எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா அடிக்கப்பட்டது என்பன போன்றவற்றைக் கொண்டு அது கோலாகும் வாய்ப்பை 0க்கும் 1க்கும் இடைப்பட்ட எண்ணாகத் தருகிறார்கள். பெனால்டிக்கு இந்த மதிப்பு சுமார் 0.76 முதல் 0.79 வரை. ஒரே ஆட்டத்தின் எக்ஸ்ஜியை வைத்துச் சண்டையிடுவதில் பயனில்லை. கடைசிப் பத்து ஆட்டங்களுக்கு, உங்கள் அணி உருவாக்கியதையும் எதிரணிகளுக்கு விட்டுக்கொடுத்ததையும் தனித்தனியே கூட்டி, அதற்கு முந்தைய பத்து ஆட்டங்களோடு ஒப்பிடுங்கள். சிவப்பு அட்டையால் பத்துப் பேராக ஆடிய ஆட்டங்களை ஒதுக்கிவிடுங்கள். வாய்ப்புகளின் கணக்கு முன்போலவே இருந்து கோல்கள் மட்டும் குறைந்திருந்தால் பொறுமை காக்கக் காரணம் இருக்கிறது; வாய்ப்புகளே குறைந்து, எதிரணிக்குத் தரும் வாய்ப்புகளும் கூடியிருந்தால் அது வெறும் துரதிர்ஷ்டம் அல்ல.

2014-15 சீசனில் ஜெர்மனியின் போருசியா டோர்ட்மண்ட் கிளப்புக்கு நேர்ந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். முந்தைய சீசனில் இரண்டாம் இடம் பிடித்த அணி, யூர்கன் க்ளாப்பின் பயிற்சியில், 2015 பிப்ரவரி தொடக்கத்தில் அந்நாட்டின் முதன்மை லீக்கான புண்டஸ்லிகாவின் கடைசி இடத்துக்கு இறங்கியிருந்தது. ஆனால் அது உருவாக்கிய வாய்ப்புகள் கடைசி இட அணியின் வாய்ப்புகளாக இல்லை. கிளப் அவரை அனுப்பவில்லை. அடுத்த நான்கு லீக் ஆட்டங்களையும் அணி வென்றது, சீசனை ஏழாம் இடத்தில் முடித்தது, ஜெர்மன் கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கும் சென்றது. பட்டியலை மட்டும் பார்த்தவர்கள் ஒரு சரிவைக் கண்டார்கள். ஆட்டத்தைப் பார்த்தவர்கள் அதைவிட நல்ல அணியைக் கண்டார்கள்.

எண்களோடு நின்றுவிடாமல் கண்ணாலும் பாருங்கள். பந்தைத் தொடர்ந்துகொண்டே இருக்கும் கண்ணுக்குப் பயிற்சியாளரின் வேலை தெரியாது. இடது பின்கள வீரர் தாக்குதலுக்கு முன்னேறிப் போய்ப் பந்து பறிபோகும் அந்தக் கணத்தில், அவர் விட்டுச்சென்ற இடத்தை நோக்கி யார் ஓடுகிறார் என்று கவனியுங்கள். ஒரு நடுக்கள வீரர் கேட்காமலேயே அங்கே நகர்ந்துவிட்டால், அது பயிற்சிக் களத்தில் திரும்பத் திரும்பச் சொல்லித்தரப்பட்டு, வீரர்கள் இன்னமும் மதித்துச் செய்யும் வேலை. இருவர் ஒருவரையொருவர் பார்த்துக் கையை விரித்தபடி நின்றால், அல்லது அந்த இடத்துக்கு யாருமே போகாமல் மத்தியத் தற்காப்பு வீரர் வெளியே இழுக்கப்பட்டால், அதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அது ஒருமுறை நடந்தால் தனி வீரரின் பிழை. நான்கு ஆட்டங்களில் ஏழெட்டு முறை நடந்தால் பயிற்சியாளர் பதில் சொல்ல வேண்டிய விஷயம். கார்னர்களையும் இப்படியே பாருங்கள்: கோலின் தொலைவுக் கம்பத்தருகே ஒரே மாதிரியான கோலை மூன்று எதிரணிகள் அடித்திருந்தால், அதைச் சரிசெய்ய இடையில் கிடைத்த வாரங்களில் ஒன்றும் நடக்கவில்லை என்று பொருள். முதலில் கோல் வாங்கிய பிறகு வரும் பத்து நிமிடங்களில் வீரர்கள் பந்தைக் கேட்டு ஓடுகிறார்களா, பந்து தம்மிடம் வராத இடமாகப் பார்த்து ஒதுங்குகிறார்களா என்பதும் உடைமாற்றும் அறையின் நிலையை ஓரளவு காட்டிவிடும். என் பார்வையில், வதந்திகளைவிட இந்தப் பத்து நிமிடங்கள் நம்பத்தக்கவை.

குறை யாருடையது?

அணி உண்மையிலேயே மோசமாகத்தான் ஆடுகிறது என்று தெரிந்த பிறகும், அதற்குப் பயிற்சியாளர்தான் பொறுப்பு என்பது தானாக உறுதியாகிவிடாது. வீரர்களை வாங்கியது யார், யாருடைய ஆட்டமுறைக்காக அவர்கள் வாங்கப்பட்டார்கள் என்று கேளுங்கள். 2022 கோடையில் இங்கிலாந்தின் முதன்மை லீக்கான பிரீமியர் லீக்குக்குத் திரும்பிய நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட், கிளப்புகள் வீரர்களை வாங்கி விற்க அனுமதிக்கப்படும் ஒரே மாற்றச் சாளரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட வீரர்களைச் சேர்த்தது. ஒருவரையொருவர் அறியாத அந்தக் கூட்டம் அக்டோபரில் கடைசி இடத்தில் இருந்ததற்கு பயிற்சியாளர் ஸ்டீவ் கூப்பரை மட்டும் குற்றம்சாட்டுவது நியாயமாக இருந்திருக்காது. கிளப் அந்த மாதமே அவருக்குப் புதிய ஒப்பந்தம் தந்தது. அணி 16ஆம் இடத்தில் முடித்து, கீழ் லீக்குக்குத் தரமிறக்கப்படாமல் தப்பியது.

அவகாசம் கேட்பவர்கள் எப்போதும் எடுத்துவைக்கும் பெயர் அலெக்ஸ் ஃபெர்குசன். அவர் 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்தார். 1990 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக மார்க் ராபின்ஸ் அடித்த ஒரே கோல், ஃபெர்குசன் மீதான நெருக்கடி உச்சத்தில் இருந்த நேரத்தில் வந்தது. அந்தக் கோப்பையையும் வென்றார். முதல் லீக் பட்டமோ 1992-93 சீசனில்தான் கிடைத்தது. இந்தக் கதை உண்மையானது, ஆனால் வாதமாகப் பயன்படுத்தும்போது கவனம் தேவை. அவகாசம் பெற்றும் ஒன்றும் செய்யாமல் போன பயிற்சியாளர்களை யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஆகவே ஒரு ஃபெர்குசனைக் காட்டி எல்லோருக்கும் நான்கு ஆண்டுகள் கேட்க முடியாது. வெறும் காலத்தைக் கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் எது வளர்ந்துகொண்டிருக்கிறது என்று காட்டுங்கள்: இளையோர் அணியிலிருந்து மேலே வரும் வீரர்கள், புதிதாகச் சேர்ந்து மாதந்தோறும் மேம்படும் வீரர்கள், தெளிவாகிக்கொண்டே வரும் ஆட்டமுறை. காட்ட எதுவும் இல்லையென்றால் அந்த வாதம் அங்கேயே முடிந்துவிட்டது.

புதியவர் வந்ததும் கிடைக்கும் வெற்றிகள்

மாற்றத்தைக் கேட்பவர்களும் ஒன்றைச் சந்திக்க வேண்டும். புதிய பயிற்சியாளர் வந்ததும் அணி எழுந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. நெதர்லாந்தின் முதன்மை லீக்கில் 1986 முதல் 2004 வரை நடந்த மாற்றங்களைப் பொருளியலாளர் பாஸ் டெர் வீல் ஆராய்ந்தார். பயிற்சியாளரை மாற்றிய அணிகள் பிறகு ஓரளவு மீண்டது உண்மைதான். ஆனால் அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை மாற்றாத அணிகளும் அதேபோல் மீண்டன. அணி அதன் வழக்கமான நிலையைவிட மிகக் கீழே இருக்கும்போதுதான் பதவி நீக்கம் நடக்கிறது. அங்கிருந்து அது எப்படியும் பெரும்பாலும் மேலேதான் போகும்.

2018 டிசம்பரில் மொரீனியோவுக்குப் பதிலாகத் தற்காலிகமாக வந்த ஓலே குன்னார் சோல்ஸ்கியாரின் கீழ் மான்செஸ்டர் யுனைடெட் முதல் எட்டு ஆட்டங்களையும் வென்றது. மார்ச் இறுதியில் அவரை நிரந்தரமாக்கினார்கள். அந்த சீசனின் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களில் ஒன்றில்கூட அணி வெல்லவில்லை. எட்டு வெற்றிகளும் பொய்யல்ல. அவற்றை வைத்து நீண்ட கால முடிவெடுத்த விதம்தான் அவசரமானது.

இதற்காக மாற்றமே வீண் என்றும் சொல்லிவிட முடியாது. 2021 ஜனவரியில் ஃபிராங்க் லாம்பார்டுக்குப் பதிலாகத் தாமஸ் டூகெலைக் கொண்டுவந்த செல்சி, அதே ஆண்டு மே மாதம் ஐரோப்பாவின் உச்சக் கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கை வென்றது. அங்கே வீரர்களின் தரம் ஏற்கெனவே இருந்தது. கோலுக்கு முன் இருந்த ஓட்டையை அடைக்கத் தெரிந்தவர் வந்தார்.

அடுத்தவர் யார், எப்போது?

'இவர் போக வேண்டும்' என்று சொல்பவர் அடுத்த வாக்கியத்திலேயே இரண்டு மூன்று பெயர்களையும், இப்போதிருக்கும் வீரர்களைக் கொண்டு அவர்கள் எதை மாற்றுவார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் ஆஸ்டன் வில்லா ஸ்டீவன் ஜெரார்டை நீக்கிய சில நாட்களிலேயே உனாய் எமரியை வியாரியாலிலிருந்து பெற்றது; தரமிறக்க எல்லைக்கு அருகே இருந்த அணி ஏழாம் இடத்தில் முடித்தது, அடுத்த சீசனில் நான்காம் இடம் பிடித்து சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றது. அதே 2022-23 சீசனில் சவுதாம்ப்டன், பல ஆண்டுகள் பணியாற்றிய ரால்ஃப் ஹாசன்ஹூட்டலை நீக்கி நேதன் ஜோன்ஸைக் கொண்டுவந்தது; அவர் மூன்று மாதங்கள்தான் நீடித்தார், அணி கடைசி இடத்தில் முடித்துக் கீழிறங்கியது. முந்தையவரை நீக்கியது சரியா தவறா என்பதைவிட, அந்த இடத்துக்கு யார் வருகிறார் என்பதே இரண்டு கிளப்புகளின் சீசனையும் தீர்மானித்தது.

நேரத்தைப் பொறுத்தவரை, சீசன் முடிந்த கோடைதான் சிறந்தது. அது முடியாதபோது, வீரர் மாற்றச் சாளரம் திறப்பதற்கு முன்பாகவோ, சர்வதேச ஆட்டங்களுக்காக லீக் நிற்கும் இரண்டு வாரங்களிலோ மாற்றினால் புதியவருக்குப் பயிற்சிக் களத்தில் வேலை செய்ய நாட்கள் கிடைக்கும். தாமதமும் அவசரத்தைப் போலவே கேடு செய்யும். 2023இல் லெஸ்டர், பத்து ஆட்டங்களே மீதமிருந்தபோது பிரெண்டன் ராஜர்ஸை விடுவித்து, 34 புள்ளிகளுடன் 18ஆம் இடத்தில் முடித்துத் தரமிறங்கியது. அந்த சீசனில் மூன்றாவது பயிற்சியாளராக சாம் அலார்டைஸைக் கடைசி நான்கு ஆட்டங்களுக்கு அழைத்த லீட்ஸ் அவற்றில் ஒரு புள்ளி மட்டுமே பெற்றது. ஒப்பந்தக் காலம் மீதமிருந்தால் நீக்கப்படும் பயிற்சியாளருக்கும் அவருடைய உதவியாளர்களுக்கும் இழப்பீடு தர வேண்டும் என்பதையும், அந்தப் பணம் அடுத்த சாளரத்தில் வாங்கப்படும் வீரரின் விலையிலிருந்து குறையலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கூடிப் பேசுவதும் நிர்வாகத்திடம் சொல்வதும்

பேச உட்காரும்போது, இரு தரப்பும் தம் மனத்தை எது மாற்றும் என்பதை முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள். அவகாசம் கேட்பவர், 'அடுத்த ஆறு ஆட்டங்களில் எதிரணிக்குத் தரும் வாய்ப்புகள் குறையாவிட்டால் நானும் மாற்றத்தை ஏற்பேன்' என்பது போல அளக்கக்கூடிய ஒன்றைச் சொல்ல வேண்டும். மாற்றம் கேட்பவரும் அவ்வாறே எது நடந்தால் தம் கோரிக்கையைக் கைவிடுவார் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல மறுப்பவரோடு அன்றைக்கு மேலும் பேசுவதில் பொருளில்லை.

முடிவை எங்கே கொண்டுசெல்வது என்பது கிளப்பின் உரிமையைப் பொறுத்தது. ஜெர்மனியில் 50+1 விதியால் பெரும்பாலான கிளப்புகளில் வாக்குரிமையின் பெரும்பகுதி உறுப்பினர்களிடம் இருக்கிறது. பார்சிலோனாவிலும் ரியல் மாட்ரிட்டிலும் உறுப்பினர்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே பொதுக்கூட்டத்தில் கேள்வி எழுப்பலாம். தனியார் உரிமையாளரின் கிளப்பில் ரசிகர் சங்கத்தின் வழியாக எழுத்தில் கேளுங்கள். பயிற்சியாளரைப் பற்றி மட்டும் கேட்காமல், வீரர்களைத் தேர்ந்தெடுத்தவர் யார், அடுத்த பயிற்சியாளரை எந்த அடிப்படையில் தேடுகிறீர்கள் என்றும் கேளுங்கள். மைதானத்தில் எதிர்ப்பைக் காட்ட விரும்பினால் இறுதி விசில் ஒலித்த பிறகு காட்டுங்கள். 90 நிமிடங்களுக்குள் எழும் கூச்சல், பந்தைக் கேட்டு ஓட வேண்டிய இருபது வயது வீரரைத்தான் முதலில் முடக்குகிறது. பயிற்சியாளரின் குடும்பத்தையோ, நாட்டையோ, நிறத்தையோ இழுத்துப் பேசுபவர் உங்கள் தரப்பிலேயே இருந்தாலும் அவரை அங்கேயே நிறுத்துங்கள்.